பொம்மை ரயில் பாதையைக் கணினியில் வரைவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொம்மை ரயில் வாங்கிய வீட்டில் முதல் வாரம் அது வட்டமாக ஓடும். அடுத்த வாரம் நடுவில் நேர்த்துண்டு இரண்டு போட்டு வட்டத்தை நீட்டுவோம். அப்புறம் பிள்ளை கேட்கும்: “இந்த ரயில் ஸ்டேஷன்ல நிக்கும்போது இன்னொண்ணு தாண்டிப் போகணும்.” பாதை வரையும் வேலை அங்கேதான் தொடங்குகிறது. எந்தத் துண்டு வாங்குவது, எத்தனை வாங்குவது, மேசையில் அடங்குமா என்று அந்தக் கட்டத்தில் தேட ஆரம்பிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படித் தொடங்கியவன்தான். மரத் தண்டவாளத்தில் ஆரம்பித்து, லெகோவில் சில வருடம் இருந்துவிட்டு, இப்போது 9 மி.மீ. கேஜுக்கு, அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 9 மி.மீ. இருக்கும் ரயிலுக்கு, வந்திருக்கிறேன்.

பேப்பரும் பென்சிலும் போதாதா?

மனதில் வந்ததைப் பிடித்து வைக்கப் போதும். இன்றும் என் முதல் கிறுக்கல் பேப்பரில்தான். ஆனால் பென்சிலுக்குத் தாராள மனசு. வளைவு அடங்காவிட்டால் கை தானாகக் கொஞ்சம் இறுக்கி வளைத்துவிடும். பாதை பிரியும் இடத்தில், அதாவது பாயிண்ட்டில், இரண்டு கோடு கிழித்தால் முடிந்தது. பிரிட்டனின் ஹார்ன்பி கம்பெனி செய்யும் பாயிண்ட் ஒன்று மட்டும் 168 மி.மீ. நீளம் என்பது பேப்பரில் தெரியாது.

முதல்முறை நான் கட்டக் காகிதத்தில் வரைந்து, அதை நம்பித் துண்டுகள் வாங்கினேன். எல்லாவற்றையும் பொருத்திக்கொண்டே வந்து கடைசி இடத்தை அடைந்தால், இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி. அந்த இடைவெளிக்குப் பொருந்தும் துண்டு எதுவும் தயாரிப்பிலேயே கிடையாது. ஒரு பக்கத்தை முழுதாகப் பிரித்து மறுபடி போட வேண்டியிருந்தது.

பாதை வரையும் மென்பொருளில் ஒவ்வொரு துண்டின் நிஜ நீளமும் ஆரமும் கோணமும் பதிந்திருக்கும். சேராத இடத்தைச் சேர்ந்ததுபோல் அது காட்டாது. என்னைக் கேட்டால் இந்த மென்பொருளின் பெரிய பயன் அதுதான். முப்பரிமாணக் காட்சி, மரம், மலை, வீடு எல்லாம் பிறகு வருபவை.

அது செய்யும் கணக்கு என்ன?

ஒரு துண்டின் ஒரு முனை எங்கே இருக்கிறது, எந்தத் திசையைப் பார்க்கிறது என்று தெரிந்தால் மறுமுனை எங்கே வரும் என்று சொல்லிவிடலாம். அந்த முனையில் அடுத்த துண்டு, அதன் முனையில் அதற்கடுத்தது. சுற்றி வந்து தொடங்கிய புள்ளியிலேயே, தொடங்கிய திசையிலேயே முடிந்தால் பாதை மூடியது. சாதாரண வளையத்தில் திரும்பும் கோணங்களைக் கூட்டினால் 360 டிகிரி வர வேண்டும். எட்டு வடிவத்தில் ஒரு பக்கம் திரும்பியதை மறுபக்கம் திரும்பியது கழித்துவிடுவதால் கூட்டுத்தொகை பூஜ்யம். கோணம் சரியாக வந்தாலும் இடம் தள்ளிப் போயிருக்கலாம். கையால் வரையும்போது நாம் கோட்டை விடுவது பெரும்பாலும் அங்கேதான்.

தயாரிப்பாளர்கள் இந்தக் கணக்கை எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் வரைவதே தனி சுகம். ஹார்ன்பியின் ஓஓ அளவை (நிஜ ரயிலை 76-க்கு 1 எனச் சுருக்கிய மாதிரி) எடுத்துக்கொள்ளுங்கள். வளைவுகளின் ஆரம் 371, 438, 505, 572 மி.மீ. ஒவ்வொன்றுக்கும் வித்தியாசம் 67. பக்கத்துப் பக்கத்துப் பாதைகளுக்கு இடையே இருக்க வேண்டிய தூரமும் அதே 67 மி.மீ. பாயிண்ட்டின் கிளை 438 ஆரத்தில் 22.5 டிகிரி திரும்புகிறது. அப்படித் திரும்பும்போது முன்னோக்கி ஏறக்குறைய 168 மி.மீ. போகிறது, பக்கவாட்டில் 33 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக விலகுகிறது. அதன் பிறகு எதிர்ப்பக்கம் வளையும் அதே அளவுத் துண்டு ஒன்றைப் போட்டால் இன்னொரு 33 சேர்ந்து, சரியாக 67 மி.மீ. தள்ளி இணைபாதை கிடைத்துவிடும். அந்த வளைவுக்குப் பக்கத்தில் மெயின் பாதையில் போட வேண்டியது 168 மி.மீ. நேர்த்துண்டு. எல்லாம் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும்.

ஜெர்மனியின் மார்க்லின் சி-தண்டவாளத்தில் எண்கள் வேறு, யோசனை ஒன்றே. ஆரம் 360, 437.5, 515. வித்தியாசம் 77.5. பாயிண்ட் 24.3 டிகிரி திரும்பும், வழக்கமான வளைவோ 30 டிகிரி. மீதி 5.7 டிகிரிக்கு என்றே ஒரு குட்டித் துண்டு இருக்கிறது. பெட்டியில் அதைப் பார்த்து “இது எதுக்கு?” என்று ஒதுக்கி வைப்பவர்கள் பலர். அது இல்லாமல் வளைவில் பாயிண்ட் வைத்தால் வட்டம் மூடாது. துண்டுகளைக் கூடுதலாக வாங்கிப் பாதையை வளர்த்துக்கொண்டே போகலாம் என்பதையே வியாபாரமாக்கி, 1891-இல் லைப்சிக் சந்தையில் எட்டு வடிவத் தண்டவாளத்தோடு வந்தவர்களும் மார்க்லின்காரர்கள்தான்.

எந்த மென்பொருளில் தொடங்குவது?

உங்களிடம் என்ன ரயில், என்ன கணினி என்பதைப் பொறுத்தது. நான் இப்படிச் சொல்வேன்.

விண்டோஸ் வைத்திருந்து இதுவரை எதையும் வரைந்து பழகாதவர் எனிரெயிலில் தொடங்கலாம். நெதர்லாந்தில் செய்யப்படுவது. துண்டை இழுத்து விட்டால் அடுத்த துண்டின் முனையில் தானே போய் ஒட்டிக்கொள்ளும். அரை மணி நேரத்தில் கை பழகிவிடும். காசு கட்டாமல் 50 துண்டு வரை வரையலாம். ஒரு மேசை நீள்வட்டத்துக்கும் இரண்டு சைடிங்குக்கும் (பெட்டிகளை ஒதுக்கி நிறுத்தும் கிளைப்பாதை) அது போதும்.

ஸ்கார்மும் விண்டோஸில் ஓடுவது. இலவசப் பதிப்பில் 100 துண்டு வரை போகலாம். முப்பரிமாணத்தில் திருப்பிப் பார்ப்பது இதில் அருமையாக இருக்கும். பாலத்துக்குக் கீழே ரயில் நுழையுமா என்று பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்க்க ஏற்றது. துண்டுகளை ஒட்டும் முறை மட்டும் எனிரெயிலைவிடச் சற்றுப் பழக்கம் கேட்கும்.

எக்ஸ்ட்ராக்கேட் முழுக்க இலவசம், மூல நிரலும் திறந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். துண்டு எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது. வளையும் தண்டவாளத்தை (கையால் வேண்டிய வடிவுக்கு வளைக்கக்கூடியது) நேரிலிருந்து வளைவுக்கு மெதுவாக இறக்குவது போன்ற நுணுக்கங்களில் இதன் கை ஓங்கியிருக்கும். வரைந்த பாதையில் ரயிலை ஓட்டியும் பார்க்கலாம். முதல் நாள் திறந்ததும் மிரட்டும் என்பதும் உண்மை. கூடவே வரும் செயல்விளக்கங்களை ஒரு மாலை பொறுமையாகப் பார்த்துவிட்டுத் தொடங்கினால் பயம் போய்விடும். பெரிய பாதை கட்டப்போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

மேக் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ரெயில்மாடலர் உண்டு. தண்டவாளத்தைக் கடையில் வாங்காமல் கட்டையும் கம்பியும் வைத்துத் தாமே கட்டுபவர்களுக்கு பிரிட்டனின் டெம்ப்ளாட். அது தனி உலகம், இங்கே நுழைய வேண்டாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். டவுன்லோடு செய்வதற்கு முன்பே உங்கள் தண்டவாளத்தின் பெயர் அந்த மென்பொருளின் நூலகப் பட்டியலில், அதாவது அதில் பதிந்திருக்கும் தண்டவாள வகைகளில், இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் மற்ற வசதிகளால் பயனில்லை.

லெகோ ரயிலுக்கு என்ன?

புளூபிரிக். இலவசம், லெகோ பாதைக்கென்றே எழுதப்பட்டது, பெரிய கண்காட்சிக்கு வரைபவர்களும் பயன்படுத்துவது. சாலைத் தட்டுகள், கட்டடங்கள், எழுத்து எல்லாவற்றையும் தனித்தனி அடுக்கில் வைக்கலாம். வேறு தயாரிப்பாளர்கள் செய்யும் அகலமான வளைவுகளுக்கும் நூலகம் கிடைக்கிறது.

லெகோவில் கணக்கும் எளிது. மேலே இருக்கும் குமிழ்களுக்கு இடையே 8 மி.மீ. நேர்த்துண்டு 16 குமிழ் நீளம், அதாவது 128 மி.மீ. வளைவின் ஆரம் 40 குமிழ், 16 துண்டு போட்டால் ஒரு வட்டம். தண்டவாளத்தின் அகலம் 8 குமிழ் என்பதால் வட்டத்தின் வெளி விளிம்பு 88 குமிழ், அதாவது 70.4 செ.மீ. எடுக்கும். நீளமான எஞ்சின் வளைவில் வெளியே துருத்தும், அதற்கும் சேர்த்து 80 செ.மீ. ஒதுக்குங்கள்.

பாயிண்ட்டின் கிளையில் ஒரு வளைவைத் திருப்பிப் போட்டால் மெயின் பாதைக்கு 16 குமிழ் தள்ளி இணைபாதை வரும். நடுவில் 8 குமிழ் காலி. ஒரு பிளாட்பாரத்துக்கு அது கச்சிதமான அகலம். லெகோவில் ஸ்டேஷன் வரைய எனக்கு இவ்வளவு பிடிப்பதற்கு அந்த 8 குமிழ்தான் காரணம்.

மர ரயிலுக்கு மென்பொருள் அவசியமா?

ஐந்து வயதுக் குழந்தை தரையில் போடும் பாதைக்கு அவசியமில்லை. மரத்துண்டுகளின் மூட்டில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். ஒவ்வொரு மூட்டிலும் ஓரிரு மி.மீ. இழுத்து, சிறிது சாய்த்து எப்படியாவது மூடிவிடலாம். குழந்தைகள் அதை யாரும் சொல்லித் தராமலே கண்டுபிடிக்கிறார்கள். அந்தத் தேடலைத் திரையில் முடித்துவிடக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் கூடுதல் துண்டு வாங்கும்போது பெரியவர்களுக்குப் பயன்படும். மர ரயில் செய்யும் பிரியோவின் நேர்த்துண்டுகள் 216, 144, 108, 54 மி.மீ. என்று வரும். வளைவு 45 டிகிரி, எட்டு போட்டால் வட்டம். அடுத்ததாக ஒரு பாயிண்ட் பொட்டலம் வாங்கலாமா, பாலம் வாங்கலாமா என்று தயங்கும்போது, இருக்கும் துண்டுகளோடு இரண்டையும் திரையில் போட்டுப் பாருங்கள். ஒன்றில் நாலு விதப் பாதை கிடைக்கும், மற்றதில் ஒன்றுதான் கிடைக்கும். மர ரயிலில் ஆண் முனை, பெண் முனை என்று ஒரு சிக்கல் இருப்பதையும் மறக்காதீர்கள். கோணமும் நீளமும் சரியாக வந்து, இரண்டு ஆண் முனைகள் முகத்தோடு முகம் நிற்கும். அதற்கென இரண்டு பக்கமும் ஒரே முனை உள்ள குட்டித் துண்டுகள் உண்டு. பட்டியலில் அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு இடம் வேண்டும்?

வளைவுதான் இடத்தைத் தீர்மானிக்கும். நேர்த்துண்டு எவ்வளவு குறைந்தாலும் சமாளிக்கலாம், வளைவை மடக்க முடியாது. அதனால் திரையில் முதலில் மேசையின் அளவை வரையுங்கள், அடுத்து வட்டத்தை வையுங்கள், அதற்குப் பிறகுதான் மற்றவை.

சில அளவுகள்: ஜப்பானின் கேட்டோ யூனிட்ராக்கில் 249 மி.மீ. ஆரம், எட்டுத் துண்டில் வட்டம். தண்டவாளத்தின் அடிப்பரப்பு 25 மி.மீ. அகலம். ஆக 52.3 செ.மீ. படிப்பு மேசையில் அடங்கும். மார்க்லின் சி-தண்டவாளத்தின் சிறிய வட்டம் அடிப்பரப்போடு 76 செ.மீ. ஹார்ன்பியின் 438 ஆரம் என்றால் 91 செ.மீ. வரும், விளிம்புக்கு இடம் விட்டு ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் எட்டடிக்கு நாலடி பிளைவுட்டில் ஓஓ அளவில் 505-ஐ வெளியிலும் 438-ஐ உள்ளேயும் வைத்து இரட்டைப்பாதை வரையலாம். 572-ம் நுழையும், ஆனால் பலகை விளிம்புக்கு நாலு செ.மீ. கூட இருக்காது. எஞ்சின் கீழே விழுந்தால் மனசும் உடையும்.

நீளமான பயணிகள் பெட்டி ஓட்ட ஆசைப்படுபவர்கள் பெட்டியின் நீளத்தைப்போல் மூன்று மடங்கு ஆரம் வைத்தால் பார்க்க அழகாக இருக்கும். அதைவிடக் குறைந்த வளைவிலும் ஓடும். ஓடுவது வேறு, அழகு வேறு.

அப்புறம் கை எட்டுமா என்று பாருங்கள். ஒரு பக்கமிருந்து 75 செ.மீ.க்கு மேல் எட்டிப் பிடிப்பது சிரமம். சுவரை ஒட்டிப் போடும் பலகையின் கடைக்கோடி மூலையில் பாயிண்ட் வைக்காதீர்கள். தடம் புரள்வது அங்கேதான் நடக்கும்.

கடைசித் துண்டு சேரவில்லை. மென்பொருளில் சிறு இடைவெளி காட்டுகிறது. விட்டுவிடலாமா?

எவ்வளவு என்பதைப் பொறுத்தது. இடைவெளி ஓரிரு மி.மீ.தான், பாதையில் முப்பது நாற்பது மூட்டு இருக்கிறது என்றால் ஒவ்வொரு மூட்டும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்து அதை விழுங்கிவிடும். திரையில் சேர்ந்த எல்லாப் பாதையும் பூஜ்யத்தில் சேர்ந்தவையல்ல. இவ்வளவு தூரத்துக்குள் இருந்தால் சேர்ந்ததாகக் கொள் என்று ஒரு அளவு மென்பொருளுக்குள் இருக்கும். அமைப்புகளில் அதை மாற்றவும் முடியும்.

இங்கேதான் ஒரு ஆபத்து. அந்த அளவைக் கூட்டிக் கூட்டி வைத்தால் எந்தப் பாதையும் மூடியதாகக் காட்டும். பிறகு நிஜத்தில் துண்டுகளை நெருக்கித் திருகி மாட்டுவீர்கள். அந்த மூட்டில் எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் தடுக்கும். வரையும்போது அந்த அளவைக் குறைத்தே வையுங்கள்.

5 மி.மீ.க்கு மேல் போனால் வழி தேடுங்கள். கேட்டோவில் 78-இலிருந்து 108 மி.மீ. வரை இழுக்கக்கூடிய நேர்த்துண்டு உண்டு. பலருடைய பாதையைக் காப்பாற்றிய துண்டு அது. மற்ற தயாரிப்புகளில் குட்டித் துண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். நான் செய்வது: இடைவெளி எந்தத் திசையில் இருக்கிறதோ, அந்தத் திசையில் ஓடும் நேர்ப்பகுதியை முதலில் மாற்றுவேன். கிழக்கு மேற்கில் இடைவெளி இருக்கும்போது வடக்கு தெற்கில் துண்டு சேர்த்துப் பயனில்லை. சொன்னால் எளிதாகத் தெரியும், திரைக்கு முன்னால் உட்கார்ந்தால் மறந்துபோகும்.

இரண்டு கம்பெனித் தண்டவாளங்களைக் கலந்து வரையலாமா?

மென்பொருள் தடுக்காது. கேஜ் ஒன்றாக இருந்தாலும் கணக்கு வேறு. கேட்டோவின் இரட்டைப்பாதைத் தூரம் 33 மி.மீ., இன்னொரு ஜப்பான் கம்பெனியான டோமிக்ஸில் 37. இரண்டுமே 9 மி.மீ. கேஜ்தான், ஆனால் மூட்டு மாட்டும் விதம் வேறு, இடையில் இணைப்புத் துண்டு வேண்டும். அதேபோல ஹார்ன்பியின் 67 மி.மீ. தூரம் பிரிட்டனின் பெக்கோ கம்பெனி செய்யும் ஸ்ட்ரீம்லைன் தண்டவாளத்தில் 50.8 ஆகிறது, பாயிண்ட் கோணம் 12 டிகிரி. பழைய பெட்டி ஒன்று, புதிய பெட்டி ஒன்று இருந்தால் இரண்டையும் தனித்தனி வளையமாக வரைந்து ஒரே இடத்தில் மட்டும் இணையுங்கள். அந்த ஓர் இடத்தில் 914 மி.மீ. நீளத்தில் வரும் வளையும் தண்டவாளத்தை வெட்டிப் போட்டால் எந்தக் கணக்கும் சரியாகிவிடும்.

பாலம் வைக்க ஆசை. எவ்வளவு ஏற்றம் போடலாம்?

நூறுக்கு இரண்டு என்றால் நிம்மதி, மூன்று என்றால் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் பெட்டிகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டிவரும்.

ஓஓ அளவிலும், அதைவிடச் சற்றுச் சிறிய எச்ஓ அளவிலும் கீழே ஒரு ரயில் போக மேல்பாதையை ஏறக்குறைய 80 மி.மீ. தூக்க வேண்டும். நூறுக்கு மூன்று என்றால் ஏறுவதற்கே 2.67 மீட்டர். இறங்க அதே அளவு. மொத்தம் 5.3 மீட்டர். எட்டடிக்கு நாலடிப் பலகையில் 438 ஆர வளைவோடு வரையும் முழு நீள்வட்டமே சுமார் 5.7 மீட்டர்தான். அப்படியானால் ஸ்டேஷன் எங்கே வைப்பது? சமதளம் எங்கே? பேப்பரில் எல்லோரும் பாலம் வரைகிறோம். மென்பொருளில் உயரத்தைக் குறித்ததும் ஏற்றத்தின் சதவீதம் பக்கத்தில் வந்து நிற்கும், அப்போதுதான் உறைக்கும்.

லெகோவில் ஒவ்வொரு நேர்த்துண்டுக்கும் ஒரு பிளேட் (செங்கல்லின் மூன்றில் ஒரு பங்கு உயரமுள்ள தட்டு), அதாவது 3.2 மி.மீ., உயர்த்தினால் நூறுக்கு 2.5. பத்து செங்கல் உயரம் தொட 30 துண்டு, 3.84 மீட்டர். கூடம் பெரிதாக இருந்தால் செய்யலாம்.

நம் நீலகிரி மலை ரயில் 12-க்கு 1 ஏறுகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அது நூறுக்கு 8.33. கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் உள்ள சட்டம் இருக்கிறது, எஞ்சினின் பல்சக்கரம் அதைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. அந்தப் பிடி இல்லாத பொம்மை எஞ்சின் அதே ஏற்றத்தில் சக்கரம் சுழன்றுகொண்டு நிற்கும்.

ரயில் திரும்பி எதிர்த்திசையில் வர ஒரு வளையம் வரைந்தேன். மின்சாரப் பிரச்சினை வரும் என்கிறார்கள். உண்மையா?

இரண்டு தண்டவாளத்திலும் மின்சாரம் ஓடும் ரயிலாக இருந்தால் உண்மை. இடது தண்டவாளத்தின்மேல் விரல் வைத்து வளையத்தைச் சுற்றி வாருங்கள். பாயிண்ட்டுக்குத் திரும்பும்போது உங்கள் விரல் வலது தண்டவாளத்தில் இருக்கும். பிளஸ்ஸும் மைனஸும் தொட்டுக்கொண்டன, ஷார்ட். இரண்டு பக்கமும் மின்சாரம் கடக்காத மூட்டு போட்டு, அந்த வளையத்தை மட்டும் தனியாகப் பிரித்து, துருவம் மாற்றும் சுவிட்சோ கருவியோ வைக்க வேண்டும். பிரித்த பகுதி முழு ரயிலையும் தாங்கும் நீளம் இருக்க வேண்டும் என்பதை மென்பொருளில் அளந்துகொள்ளுங்கள்.

மார்க்லினின் மூன்று தண்டவாள முறையில் இந்தத் தொல்லை இல்லை. மின்சாரம் நடுவிலிருந்து வருகிறது, ஓரம் இரண்டும் ஒன்றே. மர ரயில், பேட்டரி வைத்த லெகோ ரயில் வைத்திருப்பவர்கள் எத்தனை வளையம் வேண்டுமானாலும் போடலாம்.

நம் ஊர் ரயிலை மாதிரியாகச் செய்பவர்கள் எந்தத் தண்டவாளத்தைத் தேர்ந்தெடுப்பது?

எச்ஓ அளவு 87-க்கு 1. அதன் தண்டவாளம் 16.5 மி.மீ., உலகத்தின் 1435 மி.மீ. பாதைக்காக வந்தது. நம் அகலப்பாதை 1676 மி.மீ., 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வர வேண்டும். அப்படிச் செய்ய வேண்டுமானால் தண்டவாளத்தையும் சக்கரத்தையும் நாமே கட்ட வேண்டும். அதனால் 16.5-இலேயே ஓட்டுவது வழக்கம். மென்பொருளிலும் எச்ஓ என்றே தேர்ந்தெடுங்கள். மீட்டர்கேஜ் செய்பவர்களுக்கு 12 மி.மீ. தண்டவாளம் பொருத்தமாக இருக்கும், கணக்குப்படி 11.5 தான் வருகிறது.

இடமே இல்லை. ஒரு அலமாரித் தட்டுதான் இருக்கிறது.

அப்படியானால் இன்கிள்நுக் வரையுங்கள். வேகன்களை முன்னும் பின்னும் தள்ளி வரிசைப்படுத்தும் புதிர்ப் பாதை அது. பிரிட்டனின் ஆலன் ரைட் உருவாக்கியது. இரண்டே பாயிண்ட், மூன்று சைடிங். ஒன்றில் 5 வேகன் நிற்கும், மற்ற இரண்டில் 3, 3. எஞ்சின் முன்னும் பின்னும் போகும் பகுதி எஞ்சினையும் 3 வேகனையும் தாங்கும். 8 வேகனில் 5-ஐச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அதே வரிசையில் கோக்க வேண்டும். 6,720 வரிசைகள் வரலாம். வட்டமே இல்லாமல் வருடக்கணக்கில் விளையாடலாம்.

மென்பொருளில் இதை வரையும்போது துண்டுகளுக்கு முன்னால் வேகனை அளங்கள். உங்கள் வேகனின் நீளம், கொக்கியோடு, எவ்வளவு? அதை ஐந்தால் பெருக்குங்கள், மூன்றால் பெருக்குங்கள். சைடிங் ஒரு வேகனுக்குக் கூடுதலாக இருந்தாலும் புதிரின் சுவை போய்விடும். எனக்கு மிகப் பிடித்த பாதை இதுதான். வளையம் போட இடமில்லையே என்று வருந்துபவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

குழந்தையோடு சேர்ந்து வரையலாமா?

எட்டு, ஒன்பது வயதிலிருந்து தாராளமாக. ஆனால் வீட்டில் இருக்கும் துண்டுகளை முதலில் எண்ணச் சொல்லுங்கள். நேர் எத்தனை, வளைவு எத்தனை, பாயிண்ட்டில் இடது எத்தனை, வலது எத்தனை. அதை எழுதி வைத்துக்கொண்டு அதற்குள் மட்டும் வரைய வேண்டும் என்று விதி போடுங்கள். எனிரெயில், ஸ்கார்ம், புளூபிரிக் எல்லாமே வரைந்ததற்கு எத்தனைத் துண்டு செலவானது என்று பட்டியல் காட்டும். கடையில் கிடைக்கும் எல்லாவற்றையும் திரையில் இறக்கி வரைந்தால் பிள்ளைக்கு அரை மணியில் அலுத்துவிடும். பன்னிரண்டு வளைவு, எட்டு நேர், ஒரு பாயிண்ட் என்று வரம்பு வைத்தால் மூளை வேலை செய்யும். புதிதாக ஒரே ஒரு துண்டு வாங்கலாம் என்றால் எதை வாங்குவது என்று அடுத்து கேளுங்கள். எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு ஒரு மாதம் விவாதம் நடந்தது.

ரயிலை ஓட்டவும் இதே மென்பொருள் உதவுமா?

பெரும்பாலும் இல்லை, அது வேறு வகை. கணினியிலிருந்து எஞ்சின், பாயிண்ட், சிக்னலை இயக்க ஜே.எம்.ஆர்.ஐ. என்ற இலவச மென்பொருள் பரவலாகப் பயன்படுகிறது. அதிலும் பாதையை வரைய வேண்டும், ஆனால் அது ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் தொங்கும் வரைபடம் மாதிரி. அளவு முக்கியமில்லை, எது எதோடு இணைகிறது என்பதே முக்கியம். இரண்டு வரைபடங்களையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கணினிக்கும் பொம்மை ரயிலுக்கும் உள்ள உறவு பழையது: அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1946-இல் தொடங்கிய மாதிரி ரயில் கிளப்பில் சிக்னல், மின்இணைப்பு வேலை பார்த்த மாணவர்கள்தான் பின்னாளில் அங்கே கணினியிடம் போய் உட்கார்ந்தார்கள். ‘ஹேக்’ என்ற சொல்லை இன்றைய பொருளுக்கு அருகில் கொண்டுவந்ததும் அவர்கள் பேச்சுதான்.

வரைந்து முடித்தேன். உடனே வாங்கிவிடலாமா?

ஒரு நாள் பொறுங்கள். எனிரெயில், எக்ஸ்ட்ராக்கேட் போன்றவற்றில் நிஜ அளவிலேயே அச்சிடலாம். பத்திருபது ஏ4 தாள் ஆகும். அச்சிடும்போது ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற தேர்வை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் சற்றுச் சுருங்கி வரும். முதல் தாள் வந்ததும் ஒரு நேர்த்துண்டின் படத்தின்மேல் நிஜத் துண்டை வைத்துப் பாருங்கள். பொருந்தினால் மீதியை அச்சிட்டு, ஒட்டி, மேசையில் விரியுங்கள்.

அதன்மேல் உங்களிடம் உள்ள நீளமான எஞ்சினையும் பெட்டியையும் கையால் தள்ளிக்கொண்டு போங்கள். பிளாட்பாரத்தில் உரசுகிறதா, இரட்டைப்பாதை வளைவில் எதிரே வரும் பெட்டியோடு முட்டுகிறதா, சைடிங்கில் நிற்கும் கடைசி வேகன் பாயிண்ட்டை அடைக்கிறதா என்று பாருங்கள். திரையில் ஒரு மாதம் பார்த்தும் கண்ணில் படாதது இங்கே ஐந்து நிமிடத்தில் தெரியும். தவறு இருந்தால் பென்சிலால் தாளிலேயே குறித்துவிட்டுக் கணினிக்குத் திரும்புங்கள். என் இப்போதைய பாதைக்கு அப்படி மூன்று முறை தாள் விரித்தேன். மூன்றாவது முறைதான் ஸ்டேஷன் பக்கத்துப் பாயிண்ட்டை ஒரு துண்டு இடது பக்கம் நகர்த்தினேன். அதன் பிறகே வாங்க வேண்டிய பட்டியலை எழுதினேன்.